வலக்கைக்குச் செய்த மிஷின்

என் அண்ணன் ஆசைத்தம்பி செய்த வாசல் நிலைகள் காரைக்குடியைச் சுற்றிப் பல வீடுகளில் நிற்கின்றன. கீழச்சிவல்பட்டியில் நிற்கின்றன, தேவகோட்டை ரஸ்தாவில் நிற்கின்றன, கானாடுகாத்தானில் ஓட்டலாக மாற்றிய ஒரு பெரிய வீட்டின் பின்கட்டிலும் ஒன்று இருக்கிறது. அவற்றில் ஒன்றைக்கூட அவன் கையால் நிறுத்தியதில்லை.

ஆசாரி வீட்டில் பிறக்காதவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. ஒரு வீடு கட்டும்போது தலைவாசல் நிலை வைக்கிற நாள் கல்யாண நாள் மாதிரி. நிலையைக் கழுவி மஞ்சள் குங்குமம் வைத்து, நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து மேல்கட்டையில் கட்டுவார்கள். கீழே ஒரு பொட்டுத் தங்கம் வைப்பார்கள். நல்ல நேரம் வந்ததும் ஆசாரி நிலையைத் தூக்கி நிறுத்தி, மட்டம் பார்த்து, ஆப்பில் முதல் அடி அடிக்க வேண்டும். அதன் பிறகு வீட்டுக்காரர் தாம்பாளத்தில் வேட்டி துண்டு, வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்துக் கையெடுத்துக் கும்பிடுவார். வயதில் மூத்தவராக இருந்தாலும் கும்பிடுவார். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அந்த வீட்டுக்கு ஆசாரிதான் பெரியவர். நிலை வைத்தவனைத்தான் எங்கள் ஆட்கள் முழு ஆசாரி என்று சொல்வார்கள். மற்றவன் எத்தனை வயதானாலும் வேலைக்காரன்தான்.

என் அண்ணன் இடக்கைக்காரன். முதல் அடி இடக்கையால் விழுந்தால் வீடு விளங்காது என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த பேச்சு. அதனால் அண்ணன் செய்த நிலையை எங்கள் பெரியப்பா மகன் நாகேந்திரன்தான் போய் நிறுத்துவார். அண்ணன் சிமெண்டு மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பார்ப்பான். மட்டம் ஒரு நூல் விலகியிருந்தால் கண்ணைக் காட்டுவான். நாகேந்திரன் புரிந்துகொண்டு தட்டிவிடுவார். பிறகு தாம்பாளத்தை நாகேந்திரன் வாங்கிக்கொள்வார். ஊர் திரும்பும் பஸ்ஸில் வெற்றிலையை அண்ணனுக்கு மடித்துக் கொடுப்பார். அவர் கெட்டவர் இல்லை.

சிறுவயதில் அண்ணனின் இடக்கையில் அம்மா துணியைச் சுற்றிக் கட்டிவைத்ததை நான் பார்த்திருக்கிறேன். துணியோடு சேர்த்தே அவன் சில்லுக்கட்டையைத் தூக்கிச் செதுக்க உட்காருவான். அப்பா முதலில் அடித்தார். பிறகு அவன் இடக்கையால் உளி பிடித்துச் செதுக்கிய ஒரு தாமரை மொட்டை வெளிச்சத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடிப்பதை அன்றோடு விட்டுவிட்டார். வீட்டில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. சாப்பிடுவது, கொடுப்பது, வாங்குவது, விபூதி எடுப்பது எல்லாம் வலக்கை. வேலை மட்டும் இடக்கை. அண்ணன் அதை ஒரு நாளும் மீறியதில்லை. ஒருவர் கையில் சில்லறை கொடுக்கும்போதுகூட உளியைக் கீழே வைத்துவிட்டு, கை மாற்றித்தான் கொடுப்பான்.

நிலை வைக்க ஒரு முறை அவனுக்கு வாய்ப்பு வந்தது. கல்யாணமான புதிது. கீழச்சிவல்பட்டிக்காரர் ஒருவர், வலக்கையால் அடிப்பதென்றால் சரி என்றார். அண்ணன் வலக்கையால்தான் அடித்தான். அடி ஆப்பில் விழாமல் கட்டையின் விளிம்பில் வழுக்கியது. ஆப்பு தெறித்து நிலை ஒரு பக்கம் சாய, கொத்தனார்கள் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுபடி நிறுத்தி, நாகேந்திரன் அடித்து முடித்தார். ஆனால் அந்த வீட்டுக்காரருக்கு அப்புறம் வியாபாரம் நொடித்தது. அவர் பங்காளிகளோடு வழக்குப் போட்டு நொடித்தார் என்பது ஊருக்கே தெரியும். இருந்தாலும் நொட்டாங்கை ஆசாரி வைத்த நிலை என்றுதான் பேச்சுப் பரவியது. அதன் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. அண்ணனும் கேட்கவில்லை.

நாகேந்திரனின் பட்டறையில் வெகுகாலம் வேலை பார்த்தவன், ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டான். என்னைக் கட்டிக்கொடுத்த வீடு இரண்டு தெரு தள்ளித்தான். சமையல் முடிந்ததும் போய் மரத்துக்கு உப்புத்தாள் தேய்ப்பேன், பாலீஷ் போடுவேன். அண்ணனின் மனைவி நாகவல்லி மதினி கொட்டகை வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டே காய் நறுக்குவார். அந்தக் கொட்டகையில் எல்லாமே அவன் கைக்குத் தோதாக இருந்தது. மரத்தைக் கவ்விப் பிடிக்கும் பிடியைப் பெஞ்சின் வலது ஓரத்தில் மாட்டியிருந்தான். வெளிச்சம் வரும் ஜன்னலையும் அதற்குத் தக்கபடி வைத்திருந்தான். உளிகளின் மரப்பிடிகளை அவனே சீவிப் போட்டான். அவன் இடது உள்ளங்கையில் எங்கே பள்ளமோ அங்கே பிடியில் மேடு இருக்கும். வேறு யார் எடுத்தாலும் கையில் உட்காராது. மரம் செதுக்கும் வாய்ச்சியைத் தேவகோட்டையில் ஒரு கொல்லரிடம் சொல்லி, மற்றவர்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சாணை பிடித்து வாங்கியிருந்தான்.

நாகேந்திரன் முதல் முறை வந்தபோது பெஞ்சைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஏண்டா ஆசை, கண்ணாடிக்குள்ள பூந்து வேலை பாக்குற மாதிரில்ல இருக்கு" என்றார்.

"நீங்க ஒரு நாள் இங்க வேலை பாருங்கண்ணே. உங்க பட்டறையில நான் இத்தனை வருஷம் எப்படி இருந்தேன்னு தெரியும்" என்றான் அண்ணன். இருவரும் சிரித்தார்கள். அண்ணன் அவ்வளவு பேசி நான் கேட்டது குறைவு.

அந்தக் கொட்டகையில் மிஷின் வந்து சேர்ந்ததற்குக் காரணம் சேவுகப்பெருமாள் வீட்டு நிலை.

சேவுகப்பெருமாள் விவசாயக் குடும்பம். நெல் அறுக்கும் வண்டிகளை வாடகைக்கு விடுகிறார். தேவகோட்டை ரஸ்தாப் பக்கம் இடம் வாங்கி வீடு கட்டத் தொடங்கியிருந்தார். அண்ணன் செய்த ஜன்னல் ஒன்றை யார் வீட்டிலோ பார்த்துவிட்டு நேரே கொட்டகைக்கு வந்தார். பெஞ்சில் கிடந்த கட்டையைத் தடவிப் பார்த்தார்.

"ஆசாரி, தலைவாசல் நிலை தேக்குல வேணும். நீங்களே செஞ்சு நீங்களே வந்து நிறுத்துங்க. நடுவுல இன்னொரு ஆள் எதுக்கு?"

அண்ணன் உளியைக் கீழே வைத்தான். "நான் நொட்டாங்கைங்க. சொல்லியிருப்பாகளே."

"சொன்னாக. எனக்கு அது ஒண்ணுமில்ல. வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

அவர் போன பிறகு அண்ணன் வெகுநேரம் வேலை பார்க்கவில்லை. உளியைக் கல்லில் தீட்டினான். ஏற்கெனவே கூராக இருந்த உளியை மறுபடி மறுபடி தீட்டிக்கொண்டிருந்தான்.

வீட்டு வார்த்தை போனில் வந்தது. சேவுகப்பெருமாளின் மனைவி ரேணுகா பேசினார். படித்தவர், பேங்கில் வேலை. மரியாதையாகப் பேசுவார். அண்ணன் போனைப் பெஞ்சில் வைத்துச் சத்தமாகப் போட்டிருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"அண்ணே, எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கையே கிடையாது. ஆனா நாளைக்கு வீட்டுல யாருக்காவது ஒரு தலைவலின்னாக்கூட எங்க மாமியார் இதைத்தான் இழுப்பாக. நீங்க சோத்தாங்கையில வேலை பாக்குற ஆளுன்னா ஒரு பிரச்சினையும் இல்ல. நான் ஒரு நாள் வந்து நேர்ல பாத்துட்டு எல்லார்ட்டயும் சொல்லிடுறேன். சரியாண்ணே?"

"சரிங்கம்மா" என்றான் அண்ணன்.

மதினி அரிவாள்மனையிலிருந்து தலையை நிமிர்த்தினார். "பொண்ணு பாக்க வருவாக. மாப்பிள்ளை பாக்க வருவாக. கை பாக்க வாரதை இப்பத்தான் கேள்விப்படுறேன்."

அன்று சாயங்காலமே அவன் வலக்கையில் இழைப்புளியைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தான். பத்துத் தள்ளல் தள்ளுவதற்குள் தெரிந்துவிட்டது. மரத்தில் திட்டுத் திட்டாகப் பள்ளம் விழுந்தது. உளியை மாற்றிப் பிடித்தால் கோட்டை விட்டு விலகி ஓடியது. நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய மனிதன், சின்னப் பிள்ளை முதன்முதலாகப் பேனா பிடிப்பதுபோல நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றான். யார் பார்த்தாலும் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அவனுக்கும் தெரிந்தது.

மறுநாள் ஒரு யோசனையோடு வந்தான். மிஷின் வாங்கலாம் என்றான். மரம் அறுக்கும் கை மிஷின் ஒன்று, இழைக்கும் மிஷின் ஒன்று. "உளின்னாத்தான் கை காட்டிக் குடுக்கும். மிஷினு கரெண்டுல ஓடுது. நாம புடிச்சுக்கிட்டு நின்னாப் போதும். எந்தக் கைன்னு அதுக்கு என்ன தெரியும்?"

செக்காலைப் பக்கம் இருக்கும் ஒரு கடைக்கு மூவரும் போனோம். கடைக்காரர் முப்பது வயது மதிக்கத்தக்கவர், பொறுமைசாலி. அறுக்கும் மிஷின்களில் நாலைந்தை எடுத்து மேஜையில் வைத்தார். அண்ணன் தன்னை மறந்து முதல் மிஷினை இடக்கையால் தூக்கிவிட்டான். கட்டைவிரல் எங்கே போக வேண்டும் என்று தடவினான். கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, நீங்க இடக்கையா?"

அண்ணன் மிஷினை மேஜையில் வைத்தான்.

"இல்ல, எதுக்குச் சொல்றேன்னா, இதெல்லாம் சோத்தாங்கைக்காரவுகளுக்குச் செஞ்சது. இந்தா பாருங்க, இந்தப் பட்டனை அமுக்கிட்டுத்தான் ஓட்டணும். சோத்தாங்கைக் கட்டைவிரலுக்குத்தான் எட்டும். பிளேடும் அந்தப் பக்கம். நீங்க உங்க கையில புடிச்சா தூள் பூராவும் மூஞ்சியிலதான் அடிக்கும். இடக்கைக்குன்னே பிளேடை இங்குட்டு வச்சு ஒண்ணு வருது. நம்மகிட்ட இருப்பு இல்ல. சொல்லிவிட்டா ஒரு மாசத்துல வரும். கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான்."

மதினி என்னைப் பார்த்தார். அப்படி ஒரு மிஷின் உலகத்தில் இருக்கிறது என்பதே எங்களுக்குப் புதிது. எங்கேயோ ஒரு கம்பெனியில் யாரோ உட்கார்ந்து என் அண்ணனைப் போன்றவர்களுக்கென்று யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

"ஒரு மாசந்தானங்க, வரட்டுமே" என்றார் மதினி.

அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "இடக்கை மிஷினை வாங்கி வச்சுக்கிட்டு வலக்கைன்னு எப்படிடி காட்ட?"

கடைக்காரருக்கு இது புரியவில்லை. "காட்டுறதுக்கா வாங்குறீக? வேலைக்குத்தானே" என்றார்.

"இதையே போடுங்க" என்றான் அண்ணன்.

இழைக்கும் மிஷினையும் அப்படியேதான் எடுத்தான். கடைக்காரர் கண்ணாடியும் கையுறையும் காட்டினார். மரத்தை இறுக்கிப் பிடிக்க இரண்டு கவ்விகளையும் வாங்கிக்கொள்ளச் சொன்னார். "பழகுற வரைக்கும் மரத்தைக் கையால புடிக்காதீக" என்றார். கொட்டகையில் பிடி இருக்கிறது என்று சொல்லிவிட்டான் அண்ணன். அந்தப் பிடி பெஞ்சின் வலது ஓரத்தில் இருந்தது. வலக்கையில் மிஷினோடு நிற்பவனுக்கு அது குறுக்கே நிற்குமே தவிர உதவாது. அதை அவன் கடையில் வைத்து யோசிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது. பிடியைக் கழற்றி மறுபக்கம் மாட்ட அவனுக்கு மனசு வரவில்லை.

பழக ஆரம்பித்தான். மிஷின் சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழிகள் சுவரைத் தாண்டி ஓடின. பென்சில் கோடு ஒரு பக்கம் போக, வெட்டு வேறு பக்கம் போனது. கெட்டுப்போன துண்டுகளை மதினி வெந்நீர் அடுப்புக்கு எடுத்துக்கொண்டார். "தேக்குல வெந்நி வச்சுக் குளிக்கிற ஒரே வீடு நம்ம வீடுதான்" என்று அண்ணன் காதில் விழும்படி சொன்னார். சில நாள் கழித்துக் கோடு ஓரளவுக்கு நேரானது. பார்க்கிறவர்களுக்குக் குறை தெரியாது. மரத்துக்குத் தெரியும். நான் உப்புத்தாள் தேய்க்கிறவள், எனக்கும் தெரியும். விரலை ஓட்டினாலே அலை அலையாகத் தட்டும்.

சேவுகப்பெருமாள் வீட்டு நிலையை அந்த மிஷினால் செய்ய அவனுக்குத் துணிவில்லை. ஆகவே இப்படி ஓர் ஏற்பாடு வைத்துக்கொண்டான். விடிந்ததும், தெருவில் நடமாட்டம் தொடங்குவதற்கு முன், உளியையும் இழைப்புளியையும் இடக்கையில் எடுத்து நிலை வேலையைப் பார்ப்பான். கட்டைகள் ஒன்றில் ஒன்று பொருந்தும் மூலைகளை, மேல்கட்டையில் வரும் தாமரைகளை, எல்லாவற்றையும் அந்த நேரத்தில்தான் செய்தான். வெயில் ஏறியதும் உளிகளைச் சாக்குக்கு அடியில் தள்ளிவிட்டு மிஷினை எடுத்துக்கொள்வான். ஏதாவது ஒரு வெட்டிக் கட்டையை அறுத்துக்கொண்டிருப்பான். வேலை நெருக்கினால் பகலிலும் உளியை எடுப்பான். அப்போது தெருவில் ஸ்கூட்டி சத்தம் கேட்டால் போதும், ரேணுகாதானோ என்று உளி சாக்குக்குள் போய்விடும், மிஷின் வலக்கைக்கு வந்துவிடும். மதினியே சில சமயம் "வண்டி, வண்டி" என்று வாசலிலிருந்து குரல் கொடுப்பார். காய்கறிக்காரர் வண்டியாக இருக்கும். முதலில் சிரித்தோம். பிறகு சிரிக்கவில்லை.

ரேணுகா ஒரு சனிக்கிழமை வந்தார். கொய்யாப்பழம் வாங்கி வந்திருந்தார். அண்ணன் வலக்கையில் மிஷினைப் பிடித்து ஒரு சட்டத்தை அறுத்துக் காட்டினான். சட்டத்தை முன்கூட்டியே இரண்டு ஆணி அடித்துப் பெஞ்சில் நிறுத்திவைத்திருந்தான். நல்லபடியாக அறுந்தது.

"நல்லாத்தானே செய்றீக. இதுக்குப் போயி என்னென்னமோ சொல்றாக" என்றார் ரேணுகா. போனை எடுத்தார். "இங்குட்டுக் கொஞ்சம் திரும்புங்கண்ணே. கை தெரியணும். குரூப்புல போட்டுட்டா ஒருத்தரும் கேக்க மாட்டாக."

அண்ணன் திரும்பினான். இன்னொரு சட்டத்தை அறுத்தான். அவர் வீடியோ எடுத்துக்கொண்டார். போகும்போது, "எங்க மாமனார் மட்டும் ஒரு நாள் சும்மா எட்டிப் பாக்கணும்னாக. அவுக எப்ப வாராகளோ தெரியாது. நீங்க பாட்டுக்கு வேலை பாத்துக்கிட்டு இருங்க" என்றார்.

நிலை வைக்க நாள் குறித்தாகிவிட்டது. மதினி அண்ணனுக்குப் புதுச் சட்டை எடுத்தார். அண்ணன் ஆப்பில் அடிக்கவும் பழகினான். ஒரு கட்டையில் ஆப்பைச் செருகி, வலக்கையால் தினமும் அடித்துப் பார்த்தான். அந்த ஒன்று மட்டும் அவனுக்கு நன்றாகவே வந்தது. தவறாமல் அடித்தான். அவன் முகத்தில் அப்படி ஓர் அமைதியை நான் முன்னே பார்த்ததில்லை. மிஷின் வாங்கியது சரிதானோ என்று எனக்கே தோன்றியது.

நிலையில் தரையோடு வரும் கீழ்ப்படிக்கட்டை மட்டும்தான் பாக்கி. ஒரு நாள் முற்பகல், அண்ணன் அதைப் பெஞ்சில் போட்டு இடக்கையால் உளி ஓட்டிக்கொண்டிருந்தான். நான் மூலையில் மேல்கட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மதினி ரேஷன் கடைக்குப் போயிருந்தார். தெருமுனையில் ஒரு வண்டிச் சத்தம் கேட்டது. எங்கள் வாசலை நெருங்க நெருங்கச் சத்தம் குறைந்தது, நிற்கப் போகிறது என்பதுபோல. ரேணுகாவின் மாமனாராக இருக்குமோ என்று அண்ணன் உளியைப் போட்டுவிட்டு மிஷினை வலக்கையில் எடுத்தான். வேறு கட்டை எடுக்க நேரமில்லை. ஆணி அடிக்கவும் நேரமில்லை. படிக்கட்டையையே இடக்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மிஷினை ஓட்டிவிட்டான்.

மிஷின் மரத்தில் சிக்கிப் பின்னால் துள்ளியதைப் பார்த்தேன். அண்ணன் கத்தவில்லை. இடக்கையைத் தூக்கி ஏதோ புதிய சாமானைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். கட்டைவிரலும் சுட்டுவிரலும் இல்லை. நடுவிரலில் பாதி தொங்கியது. படிக்கட்டை முழுவதும் ரத்தம். வெளியே அந்த வண்டி நிற்காமல் எங்கள் வாசலைத் தாண்டிப் போய்விட்டது. யார் வண்டி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெருவில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதற்காக மெதுவாக ஓட்டியிருப்பார்கள்.

நான் சேலை முந்தானையைக் கிழித்துக் கட்டி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். விரல்களை ஒட்ட முடியாது என்றார்கள். நடுவிரலையும் பாதியில் எடுத்துவிட்டார்கள்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஆறுதல் சொன்னார்கள்.

"இடது கையோட போச்சே. சோத்தாங்கை தப்பிச்சுச்சே."

"குலசாமி காப்பாத்துச்சு. சோத்தாங்கையா இருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"நொட்டாங்கைதானே, விடுங்க. பொழப்பு நடந்துரும்."

அண்ணன் எல்லோருக்கும் தலையாட்டினான். மதினி மட்டும் ஒரு நாள் பொறுக்க முடியாமல் ஒருவரிடம், "ஆமாங்க, சாப்பிடத்தானே பொறந்திருக்காரு. அந்தக் கை நல்லாத்தான் இருக்கு" என்றார். வந்தவர் அதையும் ஆறுதலாகவே எடுத்துக்கொண்டு, "அதானே" என்றார்.

சேவுகப்பெருமாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டே பேசினார். நாள் குறித்தாகிவிட்டது, மாற்ற முடியாது என்றார். அண்ணன் எழுந்து உட்கார்ந்தான்.

"கட்டோடயே வாரேங்க. ஆப்பு அடிக்கிறது இந்தக் கைதானே. இதுக்கு ஒண்ணும் ஆகல. நல்லாப் பழகி வச்சிருக்கேன்."

சேவுகப்பெருமாள் ஜன்னலைப் பார்த்தார். "அதுக்கில்ல ஆசாரி. ரத்தம் பட்ட மரம்னு வீட்டுல யோசிக்கிறாக. கையில குறை உள்ளவுக நிலை வைக்கிறதும் எப்படின்னு... உங்களுக்குத் தெரியாததா?"

"ரத்தம் பட்டது படிக்கட்டையில மட்டுந்தாங்க. அதை மாத்திடலாம்."

"யாரு மாத்துவாக?"

அண்ணன் மறுபடி படுத்துக்கொண்டான்.

நாகேந்திரன்தான் மாற்றினார். முழு நிலையையும் புதிதாகச் செய்ததாகச் சேவுகப்பெருமாள் வீட்டில் சொல்லிவிட்டு, படிக்கட்டையை மட்டும் புதிதாகப் போட்டு, அண்ணன் செய்த மற்ற மூன்று கட்டைகளையும் அப்படியே சேர்த்தார். "உன் வேலையை அடுப்புல வைக்க எனக்கு மனசு வரலடா ஆசை" என்று பிற்பாடு வந்து சொன்னார். குறித்த நாளில் நிலை நின்றது. வேட்டி துண்டு அவருக்குக் கிடைத்தது. அந்த வாசல் வழியாகத்தான் அந்தக் குடும்பம் இப்போது போய்வருகிறது. யாருக்கும் ஒரு தலைவலியும் இல்லை.

அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ரேணுகா அவனைப் பார்க்க வந்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார். கண் கலங்கியிருந்தது. மதினி காப்பி கொடுத்தார்.

"அண்ணே, மனசு கேக்கல, அதான் வந்தேன். பழக்கமில்லாத கையில போயி எதுக்கு மிஷின் ஓட்டுனீக? உங்களுக்கு வசதியான கையிலயே செஞ்சிருக்கலாம்ல. நாங்க வேணாம்னா சொன்னோம்? எனக்குத்தான் அதுல எல்லாம் நம்பிக்கையே இல்லைன்னு அன்னைக்கே சொன்னேனே."

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இல்லம்மா. நீங்க வேணாம்னு சொல்லல."

அவர் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்ன வார்த்தைகளை எல்லாம் திரும்ப நினைத்துப் பார்த்தால், இடக்கை கூடாது என்று ஒரு தடவைகூட அவர் வாயால் சொன்னதில்லை. வலக்கையாக இருந்தால் சரி என்றுதான் சொன்னார்.

கொட்டகையில் இப்போது பெரிய வேலை இல்லை. பிடியில் மாட்டிய மரத்தை வலக்கையால் மெல்ல மெல்லச் செதுக்குகிறான். சப்பாத்திக் கட்டை, கோலாட்டக் குச்சி, பெட்டி மூடி. உளிகளின் பிடிகள் இடக்கைக்குச் சீவியவை, வலக்கையில் உறுத்துகின்றன. பிடிகளை மாற்றச் சொன்னேன். "மாத்தலாம்" என்றான். மாற்றவில்லை. கடைக்காரர் சொன்ன இடக்கை மிஷினைப் பற்றி ஒரே ஒரு முறை பேசினான். உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்த என்னிடம், கேட்காமலே சொன்னான். "யோகு, ஒரு மாசந்தான் சொன்னாரு அந்தக் கடைக்காரரு. நெல்லு வெதச்சு அறுக்கவே மூணு மாசம் பொறுக்குறோம்." அவ்வளவுதான் சொன்னான்.

போன தை மாதம் நாகேந்திரன் வந்தார். பெஞ்சில் ஏறி உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தார்.

"ஆசை, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. கானாடுகாத்தான்ல ஒரு நிலை வைக்கணும். ஆள் வெளியூர்க்காரரு, குறை கிறை எல்லாம் பாக்க மாட்டாரு. நான் செஞ்சுட்டேன். நீ வந்து நிறுத்து. நல்லா அடிக்கிறியாமே, நாகவல்லி சொல்லுச்சு. இப்ப நொட்டாங்கைன்னும் ஒருத்தன் சொல்ல முடியாது."

மதினி வாசலில் முறத்தில் புடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க செஞ்ச நிலையை நான் எதுக்குண்ணே நிறுத்தணும்?" என்றான் அண்ணன்.

"உனக்காகத்தான் சொல்றேன்."

"தெரியுது. ஒருத்தன் செஞ்சதை இன்னொருத்தன் போயி நிறுத்தி வேட்டி வாங்குறது நல்லா இருக்காது."

அண்ணன் அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் அத்தனை வருஷத்தில் அந்த ஒரு வார்த்தையை அவன் நாகேந்திரனிடம் சொன்னது அன்றைக்குத்தான். நாகேந்திரனின் காதுகள் சிவந்துவிட்டன. பெஞ்சிலிருந்து இறங்கி, செருப்பைத் தேடினார்.

"போயிருக்கலாம்ல" என்றார் மதினி, அவர் காதிலும் விழும்படியாக. "ஒரு தடவையாவது தாம்பாளத்தைக் கையில வாங்கியிருக்கலாம்."

அண்ணன் மூலையில் சாக்குப் போட்டு மூடியிருந்த அறுக்கும் மிஷினை எடுத்து நாகேந்திரன் முன்னால் வைத்தான். இழைக்கும் மிஷினையும் வைத்தான்.

"உங்க பட்டறைக்கு மிஷின் வாங்கணும்னு சொன்னீகள்ல. இதை எடுத்துட்டுப் போங்க. எனக்குச் சும்மாதான் கிடக்கு."

நாகேந்திரன் தயங்கினார். பிறகு குனிந்து அறுக்கும் மிஷினைத் தூக்கினார். அவர் கட்டைவிரல் தானாகவே அந்தப் பட்டனில் போய் உட்கார்ந்தது. அன்றே பணத்தைக் கொடுத்துவிட்டு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்.

அவர் பட்டறையில் அது நன்றாக ஓடுகிறதாம். கோடு விலகுவதே இல்லையாம்.